மாநிற முகத்தை ஆயில் பெயின்ட்டில் வரைவது எப்படி? லூசியன் ஃப்ராய்டிடம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் விட்டுவிட வேண்டியதும்

முதல் உருவப்படத்துக்குப் பெரிய கேன்வாஸ் வேண்டாம். பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட் (1922–2011) 2001-இல் முடித்த எலிசபெத் அரசியின் படம் சுமார் 23.5 x 15 செ.மீ.தான். 8 x 10 அங்குல கேன்வாஸில் ஒரு தலை மட்டும் வரைந்தால் போதும். கேன்வாஸ் பூச்சு, ஈசல் (கேன்வாஸைத் தாங்கும் சட்டம்) பற்றியெல்லாம் இங்கே விளக்கவில்லை. நேராக முகத்துக்குப் போவோம்.

தேவையானவை: பெயின்ட்டில் டைட்டானியம் வைட், எல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, காட்மியம் ரெட், அல்ட்ராமரின் புளூ. கறுப்பு வேண்டாம். மற்றவை மாணவர் தரத்தில் இருக்கலாம். வெள்ளைக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். மலிவான வெள்ளையில் நிறமி குறைவு. பன்றி முடி ஃபில்பர்ட் (தட்டையாக, நுனி வளைந்த) பிரஷ் 4, 6, 8 எண்களில் ஒவ்வொன்று. ஃப்ராய்டே 1950-களின் பிற்பகுதியில் மென்மையான சேபிள் பிரஷை விட்டுவிட்டுப் பன்றி முடிக்கு மாறியவர்தான். ஆளிவிதை எண்ணெயை ஓவியக் கடையில் வாங்குங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ‘பாயில்டு’ வகையில் உலர்த்திகள் கலந்திருக்கும், சீக்கிரம் மஞ்சளாகும். கடைசியாக, பழைய பருத்தி வேட்டி ஒன்று.

ஃப்ராய்ட் பயன்படுத்திய க்ரெம்னிட்ஸ் வைட்டைத் தேடி அலையாதீர்கள். அது ஈய வெள்ளை, நச்சு. கற்றுக்கொள்பவர்களுக்குத் தேவையில்லை.

உட்காருபவருக்கு ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழட்டும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள்; இரண்டு வெளிச்சம் இருந்தால் நிழலின் எல்லை எது என்றே தெரியாது. பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்துக் கேன்வாஸ் முழுக்கத் தடவி, துணியால் துடைத்துவிட்டு ஒருநாள் காயவிடுங்கள். அதன் மேல் கரியால் தலையின் வெளிக்கோடு, கண் வரி, மூக்கடி, வாய் வரி. இதற்கு மேல் கோடு வேண்டாம்.

ஃப்ராய்ட் பெரும்பாலும் முகத்தின் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக விரித்துக்கொண்டே போவார். அதை மட்டும் பின்பற்றாதீர்கள். 2002-இல் ஓவியர் டேவிட் ஹாக்னி அவருக்காக 100 மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தார். நம் வீட்டில் யார் உட்காரப் போகிறார்கள்? முதல் அமர்விலேயே முகம் முழுக்க நிழல், வெளிச்சம் இரண்டையும் மெல்லியதாக அடைத்துவிடுங்கள்.

பலரும் கோட்டை விடுவது கலவையில்தான். இணையத்தில் கிடைக்கும் ‘ஸ்கின் டோன்’ கலவைகள் பெரும்பாலும் வெள்ளையில் தொடங்குபவை. மாநிறத்துக்கு அப்படித் தொடங்கினால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும். டைட்டானியம் வைட் எந்த நிறத்தையும் வெளுக்கவைப்பதோடு குளிர்ச்சியாகவும் ஆக்கும். சூடு போனதும் தோல் செத்துவிடும். அதனால் வெள்ளையே இல்லாமல் தொடங்குங்கள்: பர்ன்ட் சியன்னா 2 பங்கு, எல்லோ ஆக்கர் 1 பங்கு, அல்ட்ராமரின் கால் பங்கு. இது நடுத்தொனி, அதாவது வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நிறம். ஆளுக்கு ஆள் இந்த அளவு மாறும்.

இதைப் பிரித்து ஐந்து குவியல் செய்யுங்கள். நிழலுக்கு இன்னும் கொஞ்சம் அல்ட்ராமரின், அடர்நிழலுக்கு அதைவிடக் கூடுதல். வெளிச்சப் பக்கத்துக்கு முதலில் ஆக்கர், பிறகு காட்மியம் ரெட் ஒரு துளி, கடைசியில்தான் வெள்ளை. ஐந்தாவது, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் பளபளப்பு. அங்கேதான் வெள்ளை தாராளமாக வரலாம். ஜன்னல் வெளிச்சமென்றால் அதில் நீலச் சாயலும் இருக்கும்.

சரிபார்க்க ஒரு வழி: கலவையை மழுங்கிய பேலட் கத்தியின் நுனியில் எடுத்து, கையை நீட்டி, உட்கார்ந்திருப்பவரின் கன்னத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கத்தி கன்னத்தோடு கரைந்துபோனால் சரி. தனியாகத் தெரிந்தால், முதலில் இருட்டா வெளுப்பா என்று பார்த்துத் திருத்துங்கள், நிறம் அப்புறம். மூக்கு, கன்னம், காது சற்றுச் சிவப்பு. கண்ணைச் சுற்றி ஊதா கலந்த பழுப்பு. மழித்த தாடை நீலம் கலந்த சாம்பல்.

இனி, ஒரு தீற்றல், ஒரு துடைப்பு. ஃப்ராய்டின் ஸ்டூடியோ முழுக்கக் கந்தைத் துணி குவிந்து கிடந்தது இதனால்தான். தீற்றலுக்குத் தீற்றல் டர்பன்டைனில் கழுவினால், முடிக்குள் தங்கும் திரவம் அடுத்த பெயின்ட்டை நீர்க்கச் செய்து, கீழே பூசியதையும் கிளப்பிவிடும். துணியால் துடைப்பதே நல்லது. வைத்த தீற்றலைத் தேய்க்காதீர்கள். இரண்டு மூன்று நிறம் ஈரத்தில் குழைந்தால் சேறுதான். சேறானால் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள்.

கண்ணின் வெள்ளை வெள்ளையல்ல. நெற்றிப் பளபளப்பைவிட எப்போதும் இருட்டாக, பழுப்புச் சாம்பலாக வையுங்கள்.

அடுத்த அமர்வில் பெயின்ட்டோடு சேர்க்கும் எண்ணெய் கொஞ்சம் கூடலாம், குறையக் கூடாது. எண்ணெய் கூடுதலான அடுக்கின் மேல் எண்ணெய் குறைந்தது வந்தால், மேலே உள்ளது முதலில் இறுகி வெடிக்கும். காய்ந்தபின் சில இடங்கள் மங்கி வெளிறியிருந்தால் நிறம் தப்பு என்று நினைத்து மேலே பூசாதீர்கள். கீழடுக்கு எண்ணெயை உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். ஒரு சொட்டு எண்ணெயை விரலால் மெல்லத் தடவி, மிச்சத்தைத் துடைத்தால் பழைய நிறம் திரும்பும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும். குவியலாக இருந்தால் தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள டின்னில் போடுங்கள்.

பின்சேர்ப்பு: ‘தூசி படாமலிருக்க பீரோவில் வைத்தேன், மஞ்சளாகிவிட்டது’ என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இருட்டில் காயும் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகத்தான் செய்யும். காய்ந்த படத்தைச் சில நாள் ஜன்னலோரம் வைத்தால் பெருமளவு தெளியும். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள்; தீற்றல் தடிமனாக இருந்தால் ஒரு வருடம்.