புதிய வார்ப்பிரும்பு கேம்ப் ஓவனைக் கழுவிப் பழக்கும் முறை

தமிழ்நாடு–கேரள எல்லையிலுள்ள செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வட்டாரத்துச் சமையற்கட்டுகளுக்கு வார்ப்பிரும்பு தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் சீனச்சட்டியும் புதியவை அல்ல. ஆனால் மூன்று குட்டைக் கால்களும், மேலே தணல் அள்ளிப் போடுவதற்கு வசதியாக விளிம்பு உயர்ந்த தட்டையான மூடியும் கொண்ட கேம்ப் ஓவன் பலருக்கு இன்னும் பழகாத பாத்திரம்தான். இணையத்தில் வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் அதிலேயே சமைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள், சாம்பல் நிறத்தில் கறுத்துப்போன சோற்றையும், மறுநாள் காலையில் சட்டியின் அடியில் செம்பழுப்புத் துருவையும் காண்பார்கள். தோசைக்கல்லைப் பழக்கும் அதே முறைதான் இதற்கும் பொருந்தும். மூடி, கால்கள், ஆழம் ஆகிய மூன்றும்தான் வேலையைச் சற்றுக் கூட்டுகின்றன.

கழுவுவதற்கு முன்

சட்டியையும் மூடியையும் வெயிலில் வைத்து நன்றாகப் பாருங்கள். வாளிப் பிடியில் தூக்கிப் பிடித்து, மரக்கரண்டியால் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மழுங்கிய ஓசை வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதால், எண்ணெய் தொடும் முன்பே கடைக்குத் திருப்பி அனுப்புவது நல்லது. மணல் அச்சில் வார்த்த பாத்திரம் ஆகையால் கால்கள் சேரும் மூலைகளிலும் மூடியின் விளிம்பிலும் மணல் துகளோ கூரான பிசிறோ இருக்கலாம். அவற்றை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள். உட்புறத்தின் சொரசொரப்பைக் குறையாக எண்ணித் தேய்க்க வேண்டியதில்லை. பின்னால் ஏற்றப்போகும் எண்ணெய்ப் படலம் பிடித்துக்கொள்ள அது உதவும்.

அடுத்து, மேலே பூசப்பட்டிருப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே எண்ணெய் காய்ச்சிப் பழக்கிய சட்டி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், வெந்நீரில் கழுவி, கீழே சொல்லும் முறையில் ஒரே ஒரு படலம் ஏற்றினால் போதும். அப்படி இல்லாமல் விரல் நகத்தில் வழுவழுப்பாக ஒட்டினால், அது துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய மெழுகோ எண்ணெயோ ஆகும். அதை முழுவதும் நீக்காமல் மேலே எண்ணெய் ஏற்றினால் பின்னால் பட்டை பட்டையாக உரியும்.

கழுவுதல்

கை பொறுக்கும் அளவைவிடச் சற்று அதிகச் சூடான வெந்நீரை ஊற்றிச் சிறிது நேரம் வைத்திருந்தால் மெழுகு இளகிவிடும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பும் தேங்காய் நாரும் கொண்டு உள், வெளி, மூடியின் இரு பக்கம், கால்களின் இடுக்கு என எல்லா இடத்தையும் தேயுங்கள். வார்ப்பிரும்பில் சோப்பே படக்கூடாது என்ற பேச்சைப் பழக்காத சட்டிக்குப் பொருத்த வேண்டாம். இப்போது நாம் கழற்ற விரும்புவதே அந்த எண்ணெய்ப் பசைதான்.

அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கழுநீர் புளிக்கும்போது உண்டாகும் மென்மையான அமிலம் மேலோட்டமான துருவை இளக்குகிறது; ஆகவே துருவோடு வந்த சட்டிக்கு அது நல்ல வழி. ஆனால் அது சுத்தம் செய்யும் வேலையே தவிரப் பழக்கும் வேலை ஆகாது.

கழுவி முடித்த கணத்திலிருந்து தாமதம் கூடாது. பசை நீங்கிய இரும்பு ஈரத்தில் சில நிமிடங்களிலேயே செந்நிறம் காட்டத் தொடங்கும். சாரல் காலத்தில் இங்கே காற்றில் நிற்கும் ஈரமே போதும். துணியால் துடைத்த உடனே மெல்லிய தணலில் வைத்து, கால்களின் இடுக்கிலுள்ள ஈரமும் போகும்வரை காயவையுங்கள். குளிர்ந்த சட்டியைக் கொழுந்துவிட்டு எரியும் தீயில் வைப்பதும், சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்யும்.

எண்ணெய் ஏற்றுதல்

எண்ணெயிலுள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பிணைந்து, கழுவினாலும் போகாத கெட்டிப் படலமாக மாறி இரும்பைப் பற்றிக்கொள்வதையே பழக்குதல் என்கிறோம். எல்லைப்புற வீடுகளில் கைக்கு முதலில் கிடைப்பது தேங்காய் எண்ணெய்தான் என்றாலும், அதில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது எளிதில் இறுகாது. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் நிறைவுறாக் கொழுப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் போதும். ஆளிவிதை எண்ணெய் இன்னும் வேகமாக இறுகும் என்றாலும், செதில் செதிலாக உரியும் குணம் அதற்கு உண்டு என்பதால் தொடக்கக்காரர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை.

சட்டி கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போது, பழைய பருத்தி வேட்டித் துணியில் எண்ணெய் தொட்டு எல்லாப் பக்கமும் தடவுங்கள். பிறகு வேறொரு காய்ந்த துணியை எடுத்து, தடவிய எண்ணெயைத் தவறுதலாகத் தடவிவிட்டதைப் போல முழுவதும் துடைத்து எடுங்கள். இரும்பு மங்கலாகத் தெரிய வேண்டும். பளபளத்தால் எண்ணெய் அதிகம். புதியவர்களின் சட்டி பிசுபிசுத்துப் போவதற்கு இந்த ஒரு காரணமே பெரும்பாலும் போதுமானது.

மூன்று கால்கள் இருப்பதால் கேஸ் அடுப்பின் மேல் இது ஆடாமல் நிற்காது. முற்றத்தில் மூன்று செங்கற்களை வைத்து, நடுவே சிரட்டைக் கரியை நன்றாகத் தணலாக்கி, கொழுந்து அடங்கிய பிறகு சட்டியைக் கவிழ்த்து வையுங்கள். தணலுக்கும் சட்டிக்கும் இடையே நாலு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் மிச்ச எண்ணெய் அடியில் தேங்காமல் வழிந்துவிடும். 200 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரையிலான சூடு தேவை. சற்று நேரத்தில் புகை எழும். அது குறைந்து நின்ற பிறகும் சிறிது நேரம் வைத்திருந்தால் மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். சட்டி சாம்பல் பூத்து வெளுக்கத் தொடங்கினால் சூடு மிகுந்து படலம் எரிகிறது என்று பொருள். தணலைக் கொஞ்சம் விலக்குங்கள். மூடியைத் தனியே இதே முறையில் காய்ச்ச வேண்டும்.

தானாக ஆறவிட்டு, மறுபடி தடவித் துடைத்துக் காய்ச்சுங்கள். முதல் சுற்றில் தேன் பழுப்பு நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். மூன்று அல்லது நான்கு சுற்றுகளில் கறுத்துவிடும். எண்ணெய்த் துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்காமல் விரித்துக் காயப்போடுங்கள். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணிக்குவியல் தானாகவே தீப்பற்றக்கூடும்.

முதல் சமையலும் பராமரிப்பும்

தொடக்கத்தில் எண்ணெய் நிறையச் செல்லும் சமையலே ஏற்றது. நேந்திரங்காய் வறுவலுக்குத் தேங்காய் எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம். அடித்தளப் படலத்துக்குத்தான் அது உதவாது. குடம்புளி போட்ட மீன்குழம்பு, புளிக்குழம்பு, தக்காளி ஆகியவற்றைப் படலம் நன்றாகத் தடிக்கும்வரை தள்ளிவையுங்கள். புளிப்பு படலத்தைக் கரைப்பதோடு குழம்புக்கும் இரும்பு வாடையை ஏற்றும். மரச்சீனிக்கிழங்கைத் தோலுரித்து எண்ணெய் தடவி உள்ளே வைத்து, கீழே கொஞ்சமும் மூடியின் மேல் அதிகமுமாகத் தணல் போட்டுச் சுட்டால், இந்தச் சட்டியின் தனிப் பயன் விளங்கும்.

சமைத்த பின் வெந்நீரில் கழுவி, சூடேற்றி உலர்த்தி, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து வையுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் எட்டும் ஊர்கள் இவை என்பதால், மூடியை இறுக மூடாமல் இடையில் மடித்த காகிதம் வைத்துக் காற்றோடவிட வேண்டும். படலம் பிசுபிசுத்தால் எண்ணெய் தடவாமல் மீண்டும் கவிழ்த்து ஒரு மணி நேரம் காய்ச்சுங்கள். துரு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தேங்காய் நாரால் தேய்த்து, காயவைத்து, ஒரு படலம் ஏற்றுங்கள்.