ஊரில் உள்ள வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு: சென்னையில் இருந்தபடியே ஏற்பாடு செய்வது எப்படி?

வேலை சென்னையில், பெற்றோர் ஊரில் என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடியோ அழைப்பில் அம்மாவின் முகம் பாதியில் உறைந்து நிற்கிறது. தங்கை மகள் இணைய வகுப்புக்காக மொட்டை மாடிக்கு ஏறுகிறாள். கிராமம் என்றால் இப்படித்தான் என்று நாமும் பழகிவிட்டோம். ஆனால், பல ஊர்களில் அதிவேக இணையத்துக்கான கண்ணாடி இழை வடம் ஊராட்சிக் கட்டடம் வரை ஏற்கெனவே வந்து நிற்கிறது. அங்கிருந்து வீடு வரையிலான சில நூறு மீட்டரைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கேட்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறிய, கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கான பணம், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சரிக்கட்டப்பட்ட வருவாயில் (சில கழிவுகள் போக நிற்கும் வருவாயில்) 5 சதவீதமாகப் பெறப்படும் தொகையிலிருந்து வருகிறது. அந்த நிதியின் இன்றைய பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. தி.நகரில் உட்கார்ந்து நீங்கள் செய்யும் ரீசார்ஜிலும் அதற்கு ஒரு பங்கு போகிறது. எனவே தயங்காமல் கேளுங்கள்.

படி 1: ஊராட்சியில் கருவி இயங்குகிறதா என்று பாருங்கள்

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் தலா 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு நூறு கோடி பிட்) வேகம் தருவது இலக்கு. பணியைச் செய்வது மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம். டான்ஃபிநெட் என்றால் எல்லோருக்கும் புரியும். வடத்தில் 85 சதவீதம் மின்கம்பங்கள் வழியாகவும், மீதி 15 சதவீதம் தரைக்கு அடியிலும் போகும்படி திட்டமிட்டிருக்கிறார்கள்.

ஊருக்குப் போகும்போது ஊராட்சி அலுவலகத்துக்கோ கிராம சேவை மையத்துக்கோ ஒரு நடை போய்வாருங்கள். சுவரோரம் இரும்புச் சட்டத்தில் ரூட்டர், யுபிஎஸ், மின்கலம் ஆகியவை இருக்கும். விளக்குகள் எரிகின்றனவா என்று மட்டும் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்பட்டுத் தூசி படிந்து கிடந்தால், ஊருக்கு வடம் வந்தும் பயனில்லை. ஊராட்சிச் செயலரிடம் விசாரியுங்கள். கருவியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெரும்பாலும் அவரிடம்தான் இருக்கும்.

ஊரில் யாராவது வடத்தைத் தாமிரம் என்று நினைத்து வெட்டக்கூடும். அதில் விற்றுக் காசாக்க உலோகம் எதுவும் கிடையாது என்பதை நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.

கருவி வரவில்லை அல்லது இயங்கவில்லை என்றால் கிராம சபைதான் சரியான இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை கூடும் நாட்கள். இவற்றில் நான்கு பொது விடுமுறை, சென்னையிலிருந்து போய்வரத் தோதானவை. உங்கள் வாக்கு சென்னைக்கு மாறியிருந்தால் மனுவை அப்பாவோ அம்மாவோ கொடுக்கட்டும், ஏனென்றால் அந்த ஊரின் வாக்காளர்களே சபையின் உறுப்பினர்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு காரியத்துக்காக ஒரு விடுமுறையைச் செலவிடுவது வீண்போகாது என்று உறுதியாக நம்புகிறேன்.

படி 2: வீட்டுக்கு இழுத்துத் தருபவரைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலும் அது உள்ளூர் கேபிள்காரராக இருக்கும். பிஎஸ்என்எல் நிறுவனம் இப்படிப்பட்ட உள்ளூர்த் தொழில்முனைவோர் மூலமாகவே கிராம வீடுகளுக்கு இணைப்பு தருகிறது. ஆதார் நகல், புகைப்படம், கைபேசி எண் போதும். மோடம் அவர்களுடையதா நம்முடையதா, முன்பணம் திரும்பி வருமா என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள்.

படி 3: இணைப்பு தரும் நாளில் உடன் இருங்கள்

நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது இருங்கள். தெருவில் இருக்கும் பிரிப்பான் பெட்டியிலிருந்து மெல்லிய வடம் ஒன்று வீட்டுக்குள் வரும். உள்ளே இருக்கும் இழை தலைமுடி அளவுதான். ஜன்னல் சட்டத்தில் அதைக் கூர்மையாக மடித்து ஆணி அடித்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். வளைவு எங்கும் வட்டமாக இருக்கட்டும். தென்னை மட்டை விழும் பக்கமாக வடத்தை இழுக்கவும் விடாதீர்கள்.

வடத்தின் நுனியில் பெரும்பாலும் பச்சை நிற இணைப்பி இருக்கும். அதை மோடத்தில் செருகுவதற்கு முன் ஒளியின் அளவைக் கருவி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழித்தல் 15க்கும் கழித்தல் 25க்கும் இடைப்பட்ட டிபிஎம் (ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகு) வந்தால் நல்லது. கழித்தல் 27ஐத் தாண்டி கழித்தல் 28, 29 என்று போனால் இன்று இணையம் வரும், மழை நாளில் போய்விடும். ஒளி இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் சுமார் 3 டெசிபல் குறைகிறது. ஒரே இழையைப் பலருக்குப் பிரித்துக்கொண்டே போனால் கடைசி வீடு பாதிக்கப்படுவது அதனால்தான். அளவு மோசமாக இருந்தால், வந்தவர் கிளம்புவதற்குள் சரிசெய்யச் சொல்லுங்கள். கிளம்பிவிட்டால் மறுபடி வரவழைப்பது பெரும்பாடு.

மோடத்தை நடுக்கூடத்தில் ஆளுயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வேண்டாம். மின்வெட்டு அதிகமென்றால் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள். மோடத்தின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவோடு அது பொருந்த வேண்டும்.

படி 4: வேகத்தை அளந்து பாருங்கள்

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) திட்டம் என்றால் ஒரு கோப்பு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட் வேகத்தில்தான் இறங்கும். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், எட்டு பிட் சேர்ந்ததுதான் ஒரு பைட். மோடத்துக்கு அருகில் நின்று 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அளந்து பாருங்கள். சமையலறை வரை எட்டுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் ஏற்றது.

படி 5: பழுதானால் விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்

பெற்றோருக்கு இரண்டு விளக்குகளைக் கற்றுக்கொடுத்தால் போதும். தொலைபேசியில் பேச்சு இப்படிப் போகும்:

"அப்பா, எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் இடத்தில் சிவப்பு மினுக்குகிறதா?"

"ஆமாம்ப்பா, மினுக்கிக்கொண்டே இருக்கிறது."

அப்படியென்றால் ஒளியே வரவில்லை. வடம் அறுந்திருக்கலாம் அல்லது மடங்கியிருக்கலாம். மோடத்தை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பலனிருக்காது, ஆள் வந்தாக வேண்டும். சிவப்பு இல்லாமல், பான் என்ற பச்சை விளக்கு நிலையாக எரிந்தும் இணையம் வராவிட்டால் கோளாறு கணக்கிலோ கட்டணத்திலோ இருக்கக்கூடும். அதைச் சென்னையிலிருந்தே கேட்டுச் சரிசெய்யலாம்.

கேபிள்காரரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் நிறுவனத்திலும் புகாரைப் பதிவுசெய்து எண் வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012ஆம் ஆண்டு விதிமுறைப்படி அந்த எண்ணைத் தருவது அவர்கள் கடமை. தீர்வு திருப்தியாக இல்லையென்றால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. புகார் எண், தேதி, சிவப்பு விளக்கின் புகைப்படம் ஆகிய மூன்றையும் மனுவோடு இணையுங்கள்.