உபுண்டு சர்வரில் ஜாங்கோவுக்கு போஸ்ட்கிரெஸ் அமைப்பது

ஜாங்கோவில் (பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பு) புது புராஜெக்ட் தொடங்கினால் எஸ்கியூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் கூடவே வந்துவிடும். கற்றுக்கொள்ள அது தாராளம். ஆனால் அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பலர் ஒரே சமயம் ஆர்டர் போட்டால் சிலருக்கு 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று வரும். நாலு பேர் பயன்படுத்தப்போகும் தளம் என்றால் முதல் மைக்ரேஷனுக்கு (டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கும் வேலை) முன்பே போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வருக்கு மாறிவிடுங்கள்.

உபுண்டு 24.04-இல் ஆப்ட் என்ற நிறுவல் கருவி மூலம் கிடைப்பது போஸ்ட்கிரெஸ் 16. ஜாங்கோ 5.2 கேட்பது 14 அல்லது அதற்கு மேல் என்பதால் அதுவே போதும். நிறுவியதும் சர்வர் தானாக ஓடத் தொடங்கும். பைத்தான் பக்கம், வெர்ச்சுவல் என்விரான்மென்டுக்குள் (புராஜெக்டுக்கான தனி பைத்தான் சூழல்) பிப் வழியாக, ஜாங்கோவை போஸ்ட்கிரெஸ்ஸுடன் இணைக்கும் சைகோபிஜி 3-ஐப் போடுங்கள். பெயரை ஒட்டி சதுர அடைப்புக்குறியில் 'பைனரி' என்று சேர்த்துவிட்டால் கம்பைல் தொல்லை இல்லை.

அடுத்ததில்தான் பலர் மாட்டுவார்கள். 'சூடோ -யு போஸ்ட்கிரெஸ் பிஎஸ்கியூஎல்' என்று உள்ளே போய், 'கிரியேட் ரோல் கடையாள் லாகின்;' என்று யூசரை உருவாக்குங்கள் ('கடையாள்', பின்னால் வரும் 'கடை' இரண்டும் எடுத்துக்காட்டுப் பெயர்கள்). பாஸ்வேர்டை அந்த வரியிலேயே எழுத வேண்டாம், ஹிஸ்டரியில் தங்கிவிடும். பின்சாய்வுக் கோட்டுடன் 'பாஸ்வேர்ட் கடையாள்' என்று கொடுத்தால் அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். பிறகு 'கிரியேட் டேட்டாபேஸ் கடை ஓனர் கடையாள்;'. வரி முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் பிழை எதுவும் வராது; முன்னால் நிற்கும் '=#' மட்டும் '-#' ஆக மாறிக் காத்திருக்கும். அரைப்புள்ளியைத் தட்டினால் ஓடிவிடும். பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே வையுங்கள்: மேற்கோள் இல்லாத பெரிய எழுத்தை போஸ்ட்கிரெஸ் சிறியதாக்கிவிடும், செட்டிங்ஸில் நீங்கள் எழுதியதோடு பொருந்தாது.

அந்த 'ஓனர்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பழைய வழிகாட்டிகள் 'கிராண்ட் ஆல்' போதும் என்கின்றன. 2022-இல் வந்த பதிப்பு 15 முதல், பப்ளிக் ஸ்கீமாவில் (டேபிள்கள் இயல்பாகப் போய்ச் சேரும் பகுதி) டேபிள் உருவாக்கும் உரிமை எல்லா யூசருக்கும் இயல்பாகக் கிடையாது. டேட்டாபேஸ் மீது எல்லா உரிமையும் கொடுத்திருந்தாலும் மைக்ரேட் ஓட்டும்போது 'பர்மிஷன் டினைட் ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்று நிற்கும். டேட்டாபேஸின் ஓனருக்கு அந்தத் தடை இல்லை. ஏற்கெனவே உருவாக்கியிருந்தால் 'ஆல்டர் டேட்டாபேஸ் கடை ஓனர் டு கடையாள்;' போதும்.

செட்டிங்ஸ் கோப்பின் டேட்டாபேஸஸ் பகுதியில் இன்ஜினை போஸ்ட்கிரெஸ்ஸுக்கு மாற்றி, நேம், யூசர், பாஸ்வேர்ட், ஹோஸ்ட், போர்ட் ஆகியவற்றை நிரப்புங்கள். போர்ட் 5432. ஹோஸ்டைக் காலியாக விட்டால் ஜாங்கோ யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் நிரல்கள் பேசிக்கொள்ளும் வழி) வழியாகப் போகும். அங்கே உபுண்டுவின் இயல்பு விதி 'பியர்': லினக்ஸ் பயனர் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் விடும், பாஸ்வேர்டைப் பார்க்கவே பார்க்காது. ஹோஸ்டில் 127.0.0.1 எழுதினால் பாஸ்வேர்ட் வழி திறக்கும். 'பியர் ஆத்தென்டிகேஷன் ஃபெயில்டு' என்று வந்தவுடன் அனுமதிக் கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் 'டிரஸ்ட்' (பாஸ்வேர்ட் கேட்காமலே உள்ளே விடுவது) ஆக்கச் சொல்லும் ஆலோசனைகள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். பாஸ்வேர்டை செட்டிங்ஸில் எழுதாமல் என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து படியுங்கள்; கோடின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட்டுக்குள் ஒருமுறை போனது அதன் வரலாற்றில் கிடக்கும்.

சொந்த யூசர் மாடல் வேண்டுமென்றால் இப்போதே எழுதிவிட்டுத்தான் மைக்ரேட். பிறகு மாற்றுவது பெரும்பாடு. டெஸ்ட் ஓட்டும் கணினியில் 'ஆல்டர் ரோல் கடையாள் கிரியேட்டிபி;' கொடுங்கள், ஜாங்கோ அதற்கென்று தனி டேட்டாபேஸ் உருவாக்கும்.

தமிழ்த் தரவு வைப்பவர்கள் கவனிக்க: எஸ்கியூலைட் எழுத்து நீள வரம்பைக் கட்டாயப்படுத்தாது, போஸ்ட்கிரெஸ் கட்டாயப்படுத்தும். எண்ணுவதும் நம் கண் எண்ணுகிறபடி அல்ல. 'தமிழ்' மூன்று எழுத்து. யூனிகோட் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. 50 என்று வைத்த பெயர்ப் புலம் 'வேல்யூ டூ லாங்' என்று மறுப்பது இதனால்தான். ஏறக்குறைய இரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போஸ்ட்கிரெஸ் ஒரே சமயம் ஏற்கும் இணைப்புகள் இயல்பாக 100. அதில் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கியவை. ஓர் இணைப்பை எத்தனை நொடி திறந்து வைப்பது என்று சொல்லும் ஜாங்கோ செட்டிங் 'கான் மேக்ஸ் ஏஜ்' இயல்பில் 0, அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு. அதை 60 நொடி ஆக்கினால் வேகம் கூடும், ஆனால் ஒவ்வொரு த்ரெட்டும் ஓர் இணைப்பைப் பிடித்துவைக்கும். ஜாங்கோவை ஓட்டும் வலை சர்வரான கனிகார்னில் 4 வொர்க்கர், ஒவ்வொன்றிலும் 4 த்ரெட் என்றால் 16. பின்னணி வேலைகளுக்கு செலரி வைத்திருந்தால் அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யுங்கள். ஏஎஸ்ஜிஐயில் (ஜாங்கோவை அசிங்க் முறையில் ஓட்டும் வழி) ஓட்டினால் 'கான் மேக்ஸ் ஏஜ்' 0 ஆகவே இருக்கட்டும்.