மஞ்சக்குப்பத்தின் பின்கோடு பகா எண்ணா? தாளில் சோதிக்கும் முறை

கடலூர் மஞ்சக்குப்பத்தின் அஞ்சல் குறியீட்டு எண் 607001. இது பகா எண்ணா என்பதை ஒரு தாளும் சாதாரணக் கால்குலேட்டரும் கொண்டு ஒரே மாலையில் தீர்மானித்துவிடலாம்.

முதலில் இலக்கங்களைப் பாருங்கள். எண் 1-இல் முடிவதால் 2, 5 இரண்டும் அதை வகுக்கா. இலக்கங்களின் கூட்டுத்தொகை 14 என்பதால் 3-உம் வகுக்காது. புதுச்சேரியின் 605001 இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது: கூட்டுத்தொகை 12, ஆகவே அது 3 × 201667. அடுத்து, 7 × 11 × 13 = 1001 என்பதால், எண்ணை 607, 001 என இரண்டாகப் பிரித்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். கிடைக்கும் 606-ஐ அம்மூன்றில் எதுவும் மீதியின்றி வகுக்காததால், 607001-ஐயும் வகுக்காது.

779-இன் வர்க்கம் 606841. 780-இன் வர்க்கம் 608400. பகு எண்ணாக இருந்தால் அதன் காரணிகளில் ஒன்றேனும் 779-க்கு உட்பட்டே இருக்க வேண்டும் என்பதால், 773 வரையுள்ள 137 பகா எண்களோடு நிறுத்திக்கொள்ளலாம். அவற்றில் ஆறு முடிந்துவிட்டன. மீதியைக் கண்ணால் மதிப்பிடாமல் எழுதிப் பாருங்கள். நான் ஒருமுறை 541-க்கு வந்ததும் காரணி கிடைத்துவிட்டதாக எண்ணிப் பேனாவை மூடிவிட்டேன்; 541 × 1122 = 607002, ஒன்று கூடுதல்.

131 வகுத்தல்களுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கணித மேதை ஆய்லரின் வழி உண்டு. எனக்கு அதுவே உகந்தது. 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் ஓர் எண்ணை, பொதுக் காரணியற்ற இரு எண்களின் வர்க்கங்களின் கூட்டாக எழுத முடிந்து, இரு வர்க்கங்களின் கூட்டாக (0-இன் வர்க்கம் உட்பட) எழுத வேறு விதமே இல்லை என்றால், அவ்வெண் பகா எண். 607001-ஐ 25-ஆல் வகுத்தால் மீதி 1. வர்க்கங்களை 5-ஆல் வகுத்தால் 0, 1, 4 என்னும் மீதிகளே வரும் என்பதால், இரு எண்களில் ஒன்று 5-இன் மடங்காகவும், மற்றது 25-இன் மடங்குக்கு ஒன்று கூடியோ குறைந்தோ இருக்க வேண்டும். அத்தகைய எண்கள் 1, 24, 26 தொடங்கி 776 வரை 63 உள்ளன. 16-ஆல் வகுத்தால் மீதி 9 என்பதால், இவற்றில் இரட்டைப்படையானவை 4-இன் மடங்காக இருக்க வேண்டும். ஒற்றைப்படையானவை 8-ஆல் வகுக்கையில் 3 அல்லது 5 மீதி தர வேண்டும். 3-ஆல் வகுத்தால் மீதி 2 என்பதால் 3-இன் மடங்குகளையும் நீக்கினால் எஞ்சுபவை 21 மட்டுமே. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் 607001-இலிருந்து கழித்து, மீதம் முழு வர்க்கமா என்று பாருங்கள். 701-இன் வர்க்கமான 491401-ஐக் கழித்தால் 115600; அது 340-இன் வர்க்கம். இங்கே நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் ஒரே விதம்தான் என்பதே சான்று. மற்ற இருபதும் பொய்த்த பிறகுதான் 607001 பகா எண் என்று எழுத வேண்டும்.

கடலூர் ஓல்டு டவுனின் 607003-க்கு இவ்வழி பொருந்தாது. 4-ஆல் வகுத்தால் அது 3 மீதி தருகிறது. அதை ஒரு வர்க்கமும் மற்றொரு வர்க்கத்தின் இருமடங்குமாகப் பிரித்துத் தேடினால், 779² + 2 × 9² என்ற ஒரே விடை கிடைக்கும். அதுவும் பகா எண்ணே. ஆக இவை இரட்டைப் பகா எண்கள், அதாவது இரண்டே வித்தியாசமுள்ள பகா எண் சோடி. இத்தகைய சோடிகளில் 3, 5 நீங்கலாக மற்றவற்றின் நடு எண் எப்போதும் 6-இன் மடங்கு. இங்கே நடுவில் நிற்பது திருப்பாதிரிப்புலியூரின் 607002, அதாவது 2 × 3 × 11 × 17 × 541.