எம்-சாண்ட் லோடு இறங்கும் முன்

திருச்சியில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். கடைக்கால் தோண்டியதுமே வீட்டுக்காரர் கேட்பது, "பூச்சுக்காவது நாலு யூனிட் ஆத்து மணல் கிடைக்குமா? காசு பரவாயில்ல." வேண்டாம், கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் வகை மணலே போதும் என்பேன்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துப் போயின. இரண்டும் பழைய கட்டுமானங்கள்தான். ஆனாலும் படுகை மணலை அள்ள அள்ள அடித்தளம் வெளியே தெரியும், வெள்ளம் அதைச் சுற்றி அரித்துவிடும். ஆற்றுப்படுகை இறங்கிய இடங்களில் வாய்க்கால் தலைப்பு மேடாக நிற்கிறது; ஆற்றில் தண்ணீர் ஓடியும் வாய்க்காலுக்குள் ஏறுவதில்லை. கரையோரக் கிணறுகளும் கூடவே இறங்குகின்றன. இதைப் பார்த்துக்கொண்டே திருட்டு மணலை வாங்க எனக்கு மனம் வராது.

எம்-சாண்ட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: வந்திருப்பது எம்-சாண்டா, கிரஷர் டஸ்டா? இரண்டும் ஒரே சாம்பல் நிறம். டஸ்ட் என்பது ஜல்லி உடைக்கும்போது விழும் கழிவு. தட்டையும் கூருமாக, தூள் மண்டியிருக்கும். நல்ல எம்-சாண்டை, கல்லைச் சுழற்றி மோதவிடும் வி.எஸ்.ஐ. இயந்திரத்தில் உடைத்து, தண்ணீரில் கழுவித் தருவார்கள். குவாரிக்குப் பொதுப்பணித் துறைச் சான்று இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

லாரி வந்ததும் கொட்டச் சொல்லாதீர்கள். மேலாக அள்ளாமல், நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தேயுங்கள். மணி மணியாக உருள வேண்டும். உள்ளங்கையில் மாவு மாதிரி அப்பினால் சந்தேகம்தான். அடுத்து, ஒரு பாட்டிலில் பாதிக்கு மணல் போட்டு, உப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி 3 மணி நேரம் அசையாமல் வையுங்கள். லாரி அவ்வளவு நேரம் நிற்காது என்பதால், முதல் நாளே குவாரியிலிருந்து மாதிரி வாங்கி இதைச் செய்துவிடுவது நல்லது. மணலுக்கு மேல் படியும் தூள் ஒரு விரற்கடைக்கு வந்தால் அந்த மணல் வேண்டாம். ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதிப்படி, 75 மைக்ரானுக்கும் நுண்ணிய கல்தூள் எடையில் 15 சதவீதம் வரை இருக்கலாம். அதைச் சரியாக அளக்க ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். தளம் போடும் மணலுக்கு அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

கலவையில்தான் பலர் கெடுக்கிறார்கள். எம்-சாண்ட் சொரசொரப்பானது, கரண்டிக்கு இழுபடாது. உடனே சித்தாள் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றுவார். அங்கே நில்லுங்கள். எம்20 தரக் காங்கிரீட்டுக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர்தான் உச்சம். கழுவிய மணலில் இருக்கும் ஈரமும் அந்தக் கணக்கில் சேரும். இளக்கம் போதாவிட்டால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேர்க்கச் சொல்லுங்கள். கூடுதல் தண்ணீர் பின்னால் விரிசலாக வரும், பழி எம்-சாண்ட் மேல் விழும்.

பூச்சுக்கு, அதற்கென்றே இன்னும் நைசாகச் செய்யும் பி-சாண்ட் தனியாக வாங்குங்கள். எம்-சாண்டையே சலித்துப் பூசும் மேஸ்திரிகள் உண்டு, அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எம்-சாண்டும் ஒரு மலையை உடைத்து வருவதுதான். அதனால் பேஸ்மெண்ட் நிரப்ப ஆற்று மணலும் வேண்டாம், எம்-சாண்டும் வேண்டாம். பழைய வீட்டை இடித்த செங்கல், காரை இருந்தால் உடைத்துப் போட்டு, மேலே கிராவல் பரப்பி, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு நன்றாகத் திமிசு போடுங்கள்.