பழைய சிஆர்எம்மைக் கழற்றும் முன்: நிதி நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு

பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் சிஆர்எம்மை, அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் தொடர்புகளையும் வைத்திருக்கும் மென்பொருளை, மாற்றலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் செய்வது வெண்டர்களைக் கூப்பிட்டு டெமோ கேட்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். டெமோவில் எல்லா மென்பொருளும் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதில் வரும் வாடிக்கையாளருக்கு ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே கணக்கு. உங்களிடம் இருப்பவர்கள் அப்படியா?

அதற்கு முன்னால், கிளையிலும் கால் சென்டரிலும் வேலை பார்ப்பவர்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். எந்தத் திரையைத் திறக்கிறார்கள், எந்த இடத்தில் அலுத்துப்போய் அதை விட்டுவிட்டு எக்செல்லுக்குத் தாவுகிறார்கள் என்று பாருங்கள். ஓரமாக ஓடும் அந்த எக்செல் ஒவ்வொன்றும் பழைய மென்பொருள் செய்யத் தவறிய ஒரு வேலை. அவற்றைச் சேகரித்தாலே புதியதிடம் என்ன கேட்க வேண்டும் என்பதில் பாதி தெரிந்துவிடும்.

இன்னொரு புதையல் ரிமார்க்ஸ் கட்டம். 'மகன் போன் செய்தால் எதுவும் சொல்ல வேண்டாம்', 'கணவர் இறந்துவிட்டார், சான்றிதழ் இன்னும் வரவில்லை', 'அழைக்காதே என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்' என்றெல்லாம் அதில்தான் கிடக்கும். வேறு எங்கேயும் இடம் இல்லாததால் ஊழியர்கள் அங்கே எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். இதை அப்படியே ஒரு நீளமான குறிப்பாகப் புது மென்பொருளில் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், அடுத்த வாரமே அழைக்க வேண்டாம் என்றவருக்கு விற்பனை அழைப்பு போகும். அடிக்கடி வரும் குறிப்புகளை வகை பிரித்து அவற்றுக்குத் தனிக் கட்டம் உருவாக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் மொத்தத் திட்டத்திலும் இதைவிடப் பயனுள்ள வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் டேட்டா சுத்தம். பிறந்த தேதி தெரியாத இடத்தில் 01-01-1900 என்று போட்டிருப்பார்கள். ஒரே போன் எண் கட்டத்தில் சாய்கோடு போட்டு இரண்டு எண் இருக்கும். ஒரே ஆள் ஒரு இடத்தில் முழுப்பெயரோடும் இன்னொரு இடத்தில் இனிஷியலோடும் இருப்பார். இவர்களைத் தானாகவே இணைத்துத் தருகிறோம் என்று வெண்டர் சொல்வார். உடனே சரி என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் இரண்டு பதிவாக இருந்தால் எரிச்சல், அவ்வளவோடு போய்விடும். இரண்டு பேர் ஒரே பதிவாகிவிட்டால் ஒருவரின் முதலீட்டு அறிக்கை இன்னொருவர் கைக்குப் போய்விடும். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே போன், ஒரே முகவரி, ஒரே மின்னஞ்சல் இருப்பது சாதாரணம். அரசு அடையாள எண் போன்ற வலுவான ஒன்று பொருந்தினால் மட்டும் தானாக இணையட்டும், மற்றதை மனிதக் கண் பார்க்கட்டும்.

சம்மதம், நாமினி, யாருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார், எவ்வளவு ரிஸ்க் தாங்குவார் என்பதையெல்லாம் மாற்றும்போது மதிப்பை மட்டும் கொண்டுபோனால் போதாது. எந்தத் தேதியில், யார் பதிவு செய்தது என்பதும் கூடவே போக வேண்டும். எல்லாப் பதிவிலும் மைக்ரேஷன் (புதியதற்கு டேட்டாவை மாற்றுவது) நடந்த தேதி மட்டும் இருந்தால் ஆடிட்டில் உங்களிடம் சொல்ல எதுவும் இருக்காது.

கணக்கை மூடிப் போனவர்களை என்ன செய்வது? புதியதில் குவிக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க விதிமுறை வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் (FATF) பரிந்துரைப்படி வாடிக்கையாளர் உறவு முடிந்த பிறகும் குறைந்தது 5 வருடம் ஆவணங்களை வைத்திருக்க வேண்டும், சில நாடுகளில் அதற்கும் மேலே. இன்னொரு பக்கம் தனியுரிமைச் சட்டங்கள் தேவைக்கு மேல் வைத்திருக்காதே என்கின்றன. படிக்க மட்டும் முடிகிற ஒரு ஆவணக் கிடங்கில் போட்டு, ஒவ்வொரு பதிவுக்கும் அழிக்க வேண்டிய தேதியையும் குறித்துவிடுங்கள்.

இப்போது டெமோவுக்குப் போகலாம். உங்கள் கதையைக் கையில் கொண்டுபோங்கள்: கூட்டுக் கணக்கு, ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் முகவரி மாற்றக் கேட்கிறார். இதை என் கண்முன்னால் செய்து காட்டு என்று கேளுங்கள். முகவரிக்குக் கோர் சிஸ்டம் (கணக்குகளை நடத்தும் மைய மென்பொருள்) எஜமானா, சிஆர்எம் எஜமானா என்பதை நீங்கள் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று அழித்து எழுதிக்கொண்டிருக்கும். ஒப்பந்தத்தில், நாளைக்கு நாங்கள் விலகினால் டேட்டாவை எந்த வடிவத்தில், எத்தனை நாளில் தருவீர்கள் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

மாறும் நாளைப் பற்றிப் பேசும்போது டிஎஸ்பி (TSB) வங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 2018 ஏப்ரலில், ஒரே வார இறுதியில், அந்த வங்கி தன் மொத்தக் கணினித் தளத்தையும் மாற்றியது. அது சிஆர்எம்மைவிடப் பெரிய மாற்றம்தான். ஆனால் கவனிக்க வேண்டியது, டேட்டா ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது. தளம்தான் விழுந்தது. 19 லட்சம் பேர் வரை கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கும் மேல். ஆக, பழையதிலும் புதியதிலும் பதிவுகளின் எண்ணிக்கையும் கூட்டுத்தொகையும் ஒத்துப்போவது பாதிச் சோதனைதான். மாதக் கடைசி நெரிசலில், எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்பே பார்த்தாக வேண்டும். முடிந்தால் ஒரு பிரிவு, ஒரு கிளை என்று மெதுவாக மாற்றுங்கள், திரும்பிப் போகும் வழி திறந்திருக்கட்டும்.

கட்டாயக் கட்டங்களைக் குறையுங்கள். இருபது கட்டம் நிரப்பினால்தான் சேமிக்கும் என்றால் ரிலேஷன்ஷிப் மேனேஜர்கள் எல்லாவற்றிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டு, நிஜத் தகவலைத் தங்கள் போனிலேயே வைத்துக்கொள்வார்கள். பயிற்சியை இரண்டு மாதம் முன்னால் கொடுத்தும் பயனில்லை, மறந்துவிடும். மாறுகிற வாரத்தில் கொடுங்கள்.

புதியது ஓட ஆரம்பித்த நாளிலேயே பழையதில் எழுதும் வசதியை மூடுங்கள், பார்க்க மட்டும் விடுங்கள். அதன் லாகின் பதிவை வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். யார் இன்னும் உள்ளே போகிறார்களோ அவர்களிடம் எதற்காக என்று கேட்டால், விட்டுப்போனது என்ன என்று தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வருடக் கடைசியிலும் மட்டும் ஓடும் அறிக்கைகள் சில பழையதிலிருந்தே டேட்டா எடுத்துக்கொண்டிருக்கும். அவை புதியதிலிருந்து ஒருமுறை சரியாக வந்த பிறகே லைசென்ஸை ரத்து செய்யுங்கள்.