மண் பாதையை மழை அரிக்கிறதா? ஜல்லி கொட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், சரிவை ஒட்டி ஒரு மண் பாதை போகிறது. 300 மீட்டர்கூட இருக்காது. ஆனால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை யாராவது நடந்துகொண்டே இருப்பார்கள். இரண்டே மழைக்காலங்களில் அந்தப் பாதையின் நடுவே சாண் ஆழத்துக்கு ஓடை விழுந்துவிட்டது; கீழ்க்கோடியில் செருப்பைக் கழற்றாமல் தாண்ட முடியாத சேற்றுக் குட்டை. எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். ஜல்லி கொட்டினோம். அடுத்த பெருமழை அத்தனையையும் உருட்டிக்கொண்டுபோய்க் குட்டையில் சேர்த்தது. மறு ஆண்டும் கொட்டினோம். மறுபடியும் குட்டைக்கே போயிற்று.

மூன்றாம் முறை வேலையை அடியிலிருந்து மாற்றினோம். அதன் பிறகு நான்கு மழைக்காலங்கள் போய்விட்டன, பாதை நிற்கிறது. எப்படி என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். மண்வெட்டி பிடிப்பது, கையுறை போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். தோண்டும் முன் நிலம் யாருடையது என்று பார்த்து அனுமதி வாங்குங்கள். அடியில் மின்கம்பியோ குடிநீர்க் குழாயோ போகிறதா என்று விசாரியுங்கள். இவை இரண்டிலும் மட்டும் அசட்டை கூடாது.

1. மழையில் போய் நில்லுங்கள்

வெயில் நாளில் பார்த்தால் காயம் மட்டும்தான் தெரியும், அடித்தவன் தெரியமாட்டான். ஆகவே நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு பாதையை மேலிருந்து கீழாக ஒருமுறை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே பாதைக்குள் நுழைகிறது, எத்தனை தூரம் பாதையிலேயே ஓடுகிறது, எங்கே தானாக வெளியேறப் பார்க்கிறது என்று கவனித்து, அந்த இடங்களில் குச்சி நட்டுத் துணி கட்டுங்கள்.

நாங்கள் இரண்டு ஆண்டுகளாகக் கீழ்ப்பகுதியையே திருத்திக்கொண்டிருந்தோம். மழையில் நடந்தபோதுதான் மேல்கோடியில் ஒரு புதருக்குள்ளிருந்து கலகலவென்று சத்தம் கேட்டது. விலக்கிப் பார்த்தால், ஒரு வீட்டு மொட்டை மாடியின் மழைநீர்க் குழாய் நேரே பாதையை நோக்கி வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. கணக்கு எளிது: 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். மாடி 100 சதுர மீட்டர், மழை 30 மில்லிமீட்டர் என்றால் 3,000 லிட்டர். அவ்வளவும் ஒரே குழாய் வழியாக, ஒரே இடத்தில் கொட்டினால் எந்த மண் தாங்கும்? வீட்டுக்காரருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. குழாயை அவர் பக்கத்திலிருந்த வடிகாலுக்குத் திருப்பிவிட்டார். பாதி வேலை அன்றே முடிந்துவிட்டது.

2. சரிவை அளவெடுங்கள்

கண்ணை நம்பாதீர்கள். சரிவான இடத்தில் சிறிது நேரம் நின்றால் கண் அந்தச் சரிவையே சமதளமாக எடுத்துக்கொள்ளும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும்: தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பொய்யாகிவிடும். அதை மட்டும் தட்டி வெளியேற்றிவிடுங்கள். 1 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்கினால் அது 10 சதவீதச் சரிவு.

இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, பாதை தன் போக்கில் எவ்வளவு ஏறுகிறது. மற்றொன்று, பாதையின் பக்கத்திலுள்ள மேட்டுச் சரிவு எவ்வளவு. பாதையின் ஏற்றம் பக்கச் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது பாதை அமைப்பவர்களின் பழைய கணக்கு. பக்கச் சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால், பாதையைக் குறுக்கே கடந்து போக வேண்டிய தண்ணீர் அதையே வாய்க்காலாக்கிக்கொண்டு நீளவாக்கில் ஓட ஆரம்பித்துவிடும்.

சரிவை நேர்க்குத்தாகக் கிழித்துக்கொண்டு இறங்கும் பாதை என்றால் வடிகால் வெட்டி மெனக்கெட வேண்டாம். அந்தத் துண்டைக் கைவிட்டு, சரிவின் குறுக்காக வளைத்துப் புதிதாக வெட்டுங்கள். எங்கள் பாதையின் மேல் 20 மீட்டரை அப்படித்தான் வளைத்தோம். பழைய தடத்தைச் சும்மா விட்டால் ஆட்கள் மறுபடி அதிலேயே இறங்குவார்கள். மண்ணைக் கிளறிவிட்டுக் கிளைகளைக் குறுக்கே போட்டு, புல்லும் நட்டோம்.

3. வெளிவிளிம்பு வரப்பை வெட்டுங்கள்

நடந்து நடந்து பாதையின் நடு தேயும். மண் வெளிப்பக்கம் ஒதுங்கும். சில ஆண்டுகளில் பள்ளத்துப் பக்க விளிம்பில் கட்டாத வரப்பு ஒன்று தானாக எழுந்துவிடும். உயரம் நான்கு விரல்தான் இருக்கும், ஆனால் தண்ணீரைப் பாதைக்குள் சிறைவைக்க அது போதும். அந்த வரப்பை முழு நீளத்துக்கும் வெட்டி, அந்த மண்ணாலேயே நடுப்பள்ளத்தை நிரப்பிக் கெட்டிக்க வேண்டும். பாதை முழுவதும் பள்ளத்துப் பக்கமாக 1 மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வாட்டம் இருக்கட்டும். குளியலறைத் தரைக்கு விடுகிறோமே, அதே மாதிரிதான், ஆனால் அதைவிடக் கூடுதல்.

4. தாழ்வு வெட்டுதல்: நான் சறுக்கிய இடம்

வாட்டம் மட்டும் போதாது. நடமாட்டத்தில் அது மறுபடி தேயும். எனவே பாதையில் ஓடும் தண்ணீரை இடையிடையே இறக்கிவிட வேண்டும். தண்ணீருக்கு வேகம் கூடவே விடக் கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம். வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். சிறிது சிறிதாக, பல இடங்களில் இறக்கிவிட்டால் எந்த இடத்திலும் அது மண்ணைத் தூக்காது.

முதலில் நான் மரக்கட்டைகளைத்தான் குறுக்கே பதித்தேன். பார்க்க அழகாக இருந்தது. ஆறே மாதத்தில் கட்டையின் மேல்பக்கம் வண்டல் நிரம்பி, தண்ணீர் கட்டையைத் தாண்டிக் குதித்து, கீழ்ப்பக்கம் குழி பறித்தது. நடப்பவர்கள் கட்டையில் இடறாமலிருக்க ஓரமாக ஒதுங்க, பாதை இன்னும் அகலமாயிற்று. மரக்கட்டை வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. போட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் நேர்க்குறுக்காகப் போடாமல் ஏறக்குறைய 45 பாகை சாய்த்துப் போடுங்கள், வண்டல் தங்காமல் ஓரளவு தானே கழுவிக்கொள்ளும்.

அடுத்ததாகத் தாழ்வு வெட்டினேன், அதாவது பாதைத் தண்ணீரை ஓரமாக வெளியேற்றும் பள்ளம். அதிலும் கோட்டைவிட்டேன். அரை மீட்டர் அகலத்தில், ஒரு சாண் ஆழத்தில் வெட்டிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினேன். தண்ணீர் தாழ்வுக்குள் இறங்கியது, விளிம்புவரை போயிற்று, அங்கே தயங்கி நின்றது. பிறகு மெல்லத் திரும்பி, கீழ்க்கரையைச் சுற்றிக்கொண்டு மறுபடி பாதையிலேயே ஓடியது. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: விளிம்பில் இருந்த புல் வேர்களும் அவற்றில் சிக்கிய மண்ணுமாக இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு வாசற்படி. அதை வெட்டாமல் விட்டிருந்தேன். நான் செய்துவைத்தது வடிகால் இல்லை, தொட்டி.

சரியான முறை இது. பாதையின் வெளிவிளிம்பில் 3 மீட்டர் நீளத்துக்கு அரைவட்டம் ஒன்று குறியுங்கள். அந்த அரைவட்டத்துக்குள் மண்ணைச் சீவி எடுங்கள். நடுவில் வெளிப்பக்கமாக 15 சதவீத வாட்டம் வர வேண்டும், ஓரங்களில் அது படிப்படியாகக் குறைந்து பாதையோடு கலந்துவிட வேண்டும். நடப்பவருக்கு அங்கே ஒரு பள்ளம் இருப்பதே தெரியக் கூடாது. சீவிய மண்ணை வீசிவிடாதீர்கள். தாழ்வின் கீழ்ப்பக்கத்தில், பாதையின் முழு அகலத்துக்கும், பாதையின் போக்கில் 3 முதல் 4 மீட்டர் நீளத்துக்கு மெதுவாக ஏறி இறங்கும் மேடாகப் பரப்புங்கள். தாழ்வு தண்ணீரைத் திருப்பும், தப்பி வருவதை மேடு தடுக்கும். தாழ்வுக்கு வெளியே நிலம் இன்னும் பள்ளமாக இருந்தால்தான் இதெல்லாம் வேலை செய்யும். இல்லாத இடத்தில் வெட்டினால் குட்டைதான் மிஞ்சும்.

மேட்டை ஒரே மூச்சில் குவிக்கக் கூடாது. 8 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில் ஓர் அடுக்கு போட்டு இடித்துவிட்டு அடுத்த அடுக்கு. மண்ணைக் கைப்பிடியில் அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது; அந்தப் பதத்தில்தான் மண் கெட்டிப்படும். உலர்ந்த மண்ணை நாள் முழுக்க இடித்தாலும் புழுதிதான் எழும். இடிப்பதற்கு எனக்குப் பிடித்தது கையால் இடிக்கும் திமிசுக் கட்டை. இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து வந்து சரிவில் தள்ளாடியதில், மேட்டை நிரவிவிட்டுத்தான் ஓய்ந்தோம்.

எத்தனை தாழ்வுகள் வேண்டும்? எங்கள் மண்ணுக்கும் ஏற்றத்துக்கும் 12 முதல் 15 மீட்டருக்கு ஒன்று என்று வைத்தோம். சரிவு கூடினால் இன்னும் நெருக்கமாக வையுங்கள். செங்குத்தான துண்டு தொடங்குவதற்கு முன்பே முதல் தாழ்வு வந்துவிட வேண்டும்.

தண்ணீர் வெளியே விழும் இடத்தில் கைக்கு அடங்காத அளவுள்ள கரடுமுரடான கற்களைத் தரையோடு தரையாகப் பதித்துவிடுங்கள். கல்லைக் குவித்துவைத்தால் அதுவே அடைப்பாகிவிடும்.

5. காயாத சேறு

மழை நின்று வாரம் கடந்தும் ஒரு துண்டு காயாமல் இருந்தால், தண்ணீர் அங்கே மேலிருந்து வரவில்லை, மண்ணுக்குள்ளிருந்து கசிகிறது. அங்கே பாதையின் மேட்டுப் பக்கமாக 30 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் ஆழத்தில் கால்வாய் வெட்டுங்கள். அடியில் 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டராவது வாட்டம் இருக்கட்டும். நெய்யாத ரக ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிகட்டித் துணி) உள்ளே விரித்து, சிறிது ஜல்லி போட்டு, துளையிட்ட குழாயைத் துளைகள் கீழே பார்க்கும்படி வையுங்கள். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். துளை மேலே இருந்தால்தானே தண்ணீர் விழும் என்று தோன்றும். கால்வாயில் தண்ணீர் அடியிலிருந்துதான் ஏறுகிறது. துளை கீழே இருந்தால் மட்டம் குறைவாக இருக்கும்போதே குழாய்க்குள் போய்விடும். அதன் மேல் 20 முதல் 40 மில்லிமீட்டர் அளவுள்ள கழுவிய ஜல்லியை நிரப்பித் துணியை மடித்து மூடுங்கள். கல் தூள் கலந்த ஜல்லி இதற்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். குழாயின் முனை வெளியே திறந்த இடத்துக்கு வந்தாக வேண்டும். எலி நுழையாமல் வலை கட்டுங்கள்.

6. இப்போது ஜல்லி

இதுவரை வந்தவர்கள் ஜல்லி கொட்டலாம். இங்கே வேண்டியது உடைத்த ஜல்லியும் கல் தூளும் கலந்தது, பெரிய கல் 10 மில்லிமீட்டருக்குள். கூர் முனைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும், தூள் இடைவெளியை அடைக்கும், நனைத்து இடித்தால் கெட்டித் தரையாகிவிடும். கூழாங்கல் பார்க்க அழகு, அவ்வளவுதான். காலுக்கடியில் உருளும், மழைக்கு முதலில் ஓடுவதும் அதுதான். வாட்டத்தை மறைக்காமல் பரப்புங்கள்.

பின்னர் சேர்த்தவை

களிமண் பாதைக்காரர் ஒருவர், தாழ்வில் கால் வழுக்குகிறது என்று எழுதியிருந்தார். அந்த அரைவட்டத்துக்குள் மட்டும் தட்டையான கற்களைச் செங்குத்தாக நிறுத்தி நெருக்கமாகப் பதியுங்கள். படுக்கவைத்தால் ஒரே மழையில் புரண்டுவிடும்.

சக்கர நாற்காலி வரும் பாதைக்கு என்ன செய்வது என்று கேட்டார்கள். இதை முதலிலேயே எழுதாதது என் தவறு. 5 சதவீதப் பக்கவாட்டம் நாற்காலியை ஓரமாக இழுக்கும். கெட்டித் தரை போட்ட பாதையில் 2 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். 15 சதவீதத் தாழ்வு அங்கே பொருந்தாது. அதற்குப் பதில் மேட்டுப் பக்கம் வாய்க்கால் வெட்டி, பாதைக்கு அடியில் குழாய் போட்டுத் தண்ணீரைக் கடத்துங்கள்.

தாழ்வின் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரடியில் போய் நிற்கிறது என்று இன்னொருவர் புகார். வெட்டும் முன் வெளியே இறங்கி, அந்தத் தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று நடந்து பாருங்கள். அவருடைய தாழ்வை மூடிவிட்டு, 5 மீட்டர் மேலே, புல் அடர்ந்த இடத்தைப் பார்த்து வெட்டச் சொன்னேன். இப்போது சுவர் உலர்ந்திருக்கிறதாம்.

எங்கள் பாதையில் இப்போது மிச்சமிருக்கும் வேலை, மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு காலைப் பொழுது: ஒவ்வொரு தாழ்வின் வாயிலும் சேர்ந்த இலைகளையும் வண்டலையும் மண்வெட்டியால் இழுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறோம்.